தட்டையா, உருண்டையா? நம் முன்னோர் வாதிட்ட வரலாறு

நம் நாட்டு அரபிக் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாக ஓதிக் கொடுக்கப்பட்டு வரும் திருக்குர்ஆன் விரிவுரைகளுள் ‘தஃப்ஸீர் ஜலாலைன்’ குறிப்பிடத்தக்கது. ஜலாலுத்தீன் என்னும் ஒரே பெயர் தாங்கிய இரு பெருமக்கள் எழுதி நிறைவு செய்தமையால் அதற்கு அப்பெயர் வாய்த்தது. அதன் பிற்பகுதியை எழுதியவர் கெய்ரோ நகரத்து இமாம் ஜலாலுத்தீன் மஹல்லீ (ரஹ்). கி.பி. 1459இல் மறைந்தவர். 88ஆம் அத்தியாயமாகிய ‘அல்காஷியா’வின் 20ஆம் வசனத்தை விளக்குமிடத்து அன்னார் ஒரு குறிப்பு எழுதியுள்ளார். பூமி விரிக்கப்பட்டிருப்பதைப் பேசும் அவ்வசனத்தின் வெளிப்படையான பொருள் பூமி தட்டையானது என்பதே. மார்க்க அறிஞர்கள் அக்கருத்தினரே. வானநூலார் கூறுவது போல் அது உருண்டை அன்று என்பது அக்குறிப்பின் சாரம். குறிப்பு அத்துடன் முடியவில்லை. இறுதியில் ஒரு சிறு தொடரும் உண்டு. அதனை இக்கட்டுரையின் முடிவில் எடுத்துக் கொள்வோம்.

பள்ளிக்கூடத்தில் பூகோள உருண்டையைச் சுழற்றிப் பார்த்துப் படித்த ஒரு மாணவன், மத்ரஸாவில் இவ்வரியை ஓதும்போது என்ன நினைப்பான்? தான் படித்த அறிவியலைப் பொய்யென்று ஒதுக்குவதா, பெரும் இமாம் ஒருவரைப் பிழையென்று தள்ளுவதா என்று அவன் உள்ளம் அலைபாயாதா? இக்கேள்விக்கு இருவகை விடைகள் எளிதில் கிடைக்கின்றன. “அதைக் கேட்காதே, ஓதிக்கொண்டு போ” என்று வாயடைப்பது ஒன்று. “பழையவர்களுக்கு என்ன தெரியும்!” என்று எள்ளி நகைப்பது மற்றொன்று. இரண்டுமே வரலாறு அறியாமையால் விளைவன. நம் முன்னோர் இவ்வினாவை மூடி மறைக்கவில்லை. அளந்து பார்த்தார்கள், எழுதிப் பார்த்தார்கள், ஒருவரோடொருவர் வாதிட்டார்கள். அவ்வழக்கின் வரலாற்றையே ஈண்டு ஆராய விழைகின்றோம்.

இஸ்லாத்திற்கு முன்

இவ்வழக்கு முஸ்லிம்கள் தொடங்கியதன்று. கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், சந்திர கிரகணத்தின்போது நிலவின் மீது விழும் பூமியின் நிழல் எப்போதும் வளைந்த விளிம்புடன் தோன்றுவதைச் சுட்டிக் காட்டினார். எகிப்தில் காணப்படும் சில விண்மீன்கள் வடநாடுகளில் காணப்படாமையையும் சான்றாக வைத்தார். பின்னர் எரட்டோஸ்தனீஸ், கோடைத் திருப்ப நாள் நண்பகலில் தென் எகிப்தின் சையீன் நகரில் நிழலே விழாதபோது, அலெக்சாந்திரியாவில் நிழல் ஒரு வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு சாய்ந்து விழுவதைக் கொண்டு, பூமியின் சுற்றளவை 2,50,000 ஸ்டேடியம் எனக் கணக்கிட்டார்.

நம் பாரத நாட்டிலும் இவ்வறிவு இருந்தது. கி.பி. 499இல் தம் நூலை இயற்றிய ஆரியபட்டர், பூமியைக் கடம்ப மலரோடு ஒப்பிட்டார். உருண்டையான அம்மலரின் எல்லாப் பக்கங்களிலும் இதழ்கள் மூடியிருப்பது போலப் பூமியின் எல்லாப் பக்கங்களிலும் உயிர்கள் வாழ்கின்றன என்பது அவர் கருத்து. அதே வேளையில், நடுவில் மேரு மலை நிற்க, அதனைச் சூழ்ந்து தீவுகளும் கடல்களும் விரிந்து கிடக்கும் தட்டை உலகமே புராணங்களில் பேசப்பட்டது. வானநூலாரும் புராணிகரும் ஒரே ஊரில் இருவேறு உலகங்களைக் கற்பித்து வந்தனர்.

கிறிஸ்தவ உலகிலும் இப்பிளவு இருந்தது. ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த காஸ்மாஸ் என்னும் வணிகத் துறவி, மலபார் மிளகைப் பற்றியும் இலங்கைத் துறைமுகத்தைப் பற்றியும் அரிய செய்திகளை எழுதி வைத்தவர். அவரே, உலகம் கூடாரம் போன்ற ஒரு பெட்டி என்றும், அதன் அடித்தளம் தட்டையென்றும் வேதத்தின் பெயரால் வாதிட்டார். எனினும் அவர் கூற்றைத் திருச்சபை முழுவதும் ஏற்றுக் கொள்ளவில்லை. கி.பி. 735இல் மறைந்த இங்கிலாந்துத் துறவி பீட், பூமி பந்து போன்றது என்றே எழுதினார்.

இதனைச் சொல்லக் காரணம் உண்டு. ‘இடைக்கால ஐரோப்பா முழுவதும் உலகைத் தட்டையென்று நம்பியது, கொலம்பஸ்தான் அந்த இருளைக் கிழித்தார்’ என்னும் கதை நம் மேடைகளிலும் அடிக்கடி முழங்குகிறது. அக்கதையை ஊரெங்கும் பரப்பியதில் 1828இல் அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் எழுதிய கொலம்பஸ் வரலாற்றுக்குப் பெரும் பங்குண்டு. உண்மையில் கொலம்பஸை எதிர்த்த அறிஞர்கள் உலகம் உருண்டை என்பதை மறுக்கவில்லை. அவர் நினைத்ததைவிட அது மிகப் பெரியது என்றே வாதிட்டனர். அவ்வாதத்தில் அவர்களே சரியானவர்கள். பிறர் மீது பொய்ப்பழி சுமத்தி நம் பெருமையை உயர்த்திக் கொள்ள வேண்டிய தேவை நமக்கில்லை.

சிஞ்சார் சமவெளியில் கயிறும் முளையும்

பக்தாதில் கி.பி. 813 முதல் 833 வரை ஆட்சி புரிந்த கலீஃபா மஃமூன், கிரேக்க நூல்களையும் இந்திய நூல்களையும் அரபியில் பெயர்க்கச் செய்தார். அந்நூல்களில் பூமியின் சுற்றளவு ஸ்டேடியக் கணக்கில் இருந்தது. அந்த ஸ்டேடியம் நம் முழத்தில் எவ்வளவு என்று எவராலும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. ‘நூலில் இருக்கிறது, நம்பிவிடுவோம்’ என்று மஃமூன் விட்டுவிடவில்லை. ‘நாமே அளப்போம்’ என்று ஆணையிட்டார்.

இன்றைய வட இராக்கில் உள்ள சிஞ்சார் சமவெளி அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அளக்கும் முறை எளிமையானது, உழைப்போ கடுமையானது. முதலில் ஓரிடத்தில் வானத் துருவத்தின் உயரத்தைக் கருவியால் அளந்தார்கள். பின்னர் ஒரு குழு நேர் வடக்காகவும், மற்றொரு குழு நேர் தெற்காகவும் புறப்பட்டது. முளையடித்துக் கயிறு பிடித்துத் தூரத்தை அளந்து கொண்டே சென்றார்கள். துருவத்தின் உயரம் ஒரு பாகை கூடும் வரை வடக்கே நடந்தவர்களும், ஒரு பாகை குறையும் வரை தெற்கே நடந்தவர்களும் அவ்விடத்தில் நின்று தூரத்தைக் குறித்தனர். பூமி தட்டையாக இருந்திருப்பின் இவ்வாறு சீராக ஏறுவதும் இறங்குவதும் எங்ஙனம் நிகழும்?

அவ்வளவுகள் 56 முதல் 57 அரபு மைல் வரை வேறுபட்டன. ஒரு பாகைக்கு 56 2/3 மைல் என்பதே பின்னாளில் பெரிதும் வழங்கிற்று. 360 பாகைக்கு அது 20,400 மைல். அரபு மைலுக்கு 4,000 முழம். அம்முழத்தை அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கொள்ளும் ஆய்வாளர் கணக்கின்படி ஒரு பாகை ஏறத்தாழ 112 கிலோமீட்டர் ஆகிறது. இன்றைய அளவு ஏறத்தாழ 111. முழத்தின் நீளம் ஊகித்துப் பெறப்பட்டதாகலின், இந்த நெருக்கத்தை அளவுக்கு மீறிப் புகழ்தல் ஆகாது. எனினும் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு ஆண்டுகட்கு முன், பாலை வெளியில் கயிறு பிடித்து நடந்த மனிதர்கள் இவ்வளவு அணுகி வந்தனர் என்பதே வியப்புக்குரியது.

இவ்வளவை அல்பர்கானி தம் வானநூற் சுருக்கத்தில் எழுதினார். அந்நூல் 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்க்கப்பட்டது. மூன்று நூற்றாண்டுகள் கழித்துக் கொலம்பஸ் அந்த 56 2/3 என்னும் எண்ணை எடுத்துக் கொண்டார். ஆனால் அரபு மைலை, அதனினும் குறுகிய இத்தாலிய மைலாகக் கொண்டுவிட்டார். அதனால் அவர் கணக்கில் உலகம் கால் பங்கு சுருங்கிப் போயிற்று. இடையில் அமெரிக்கா என்றொரு நிலம் இல்லாதிருந்தால் அவர் கப்பல்கள் நடுக்கடலிலேயே உணவின்றி அழிந்திருக்கும்!

நந்தனாக் கோட்டை மலையில்

மஃமூனுக்கு இரு நூற்றாண்டுகளுக்குப் பின் அபூ ரைஹான் அல்பீரூனி வருகிறார். குவாரிஸ்ம் நாட்டில் கி.பி. 973இல் பிறந்தவர். இருபத்து மூன்று வயதிலேயே, 997ஆம் ஆண்டு நிகழ்ந்த சந்திர கிரகணத்தை அவர் தம் ஊரிலிருந்தும், அபுல்வஃபா என்னும் கணித மேதை பக்தாதிலிருந்தும், முன்கூட்டியே பேசி வைத்துக் கொண்டு நோக்கினர். கிரகணம் நிகழ்வது எங்கும் ஒரே கணம். ஆனால் இரு நகரங்களின் உள்ளூர் நேரங்கள் ஏறத்தாழ ஒரு மணி வேறுபட்டன. கிழக்கு மேற்காகவும் பூமி வளைந்துள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? வடக்கு தெற்காக வளைந்திருப்பதைச் சிஞ்சார் காட்டியது. கிழக்கு மேற்காக வளைந்திருப்பதைக் கிரகணம் காட்டியது.

1017இல் கஸ்னவீ சுல்தான் மஹ்மூது குவாரிஸ்மைக் கைப்பற்றியபோது பீரூனியும் கஸ்னாவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அதன் பின்னர், இன்று பாகிஸ்தானில் உள்ள பஞ்சாபின் உப்பு மலைத் தொடரில் நந்தனா என்னும் கோட்டையில் அவர் தங்க நேர்ந்தது. சமவெளியை நோக்கி நிற்கும் ஒரு மலை அங்கிருந்தது. நெடுந்தொலைவு கயிறு பிடித்து நடக்க ஆட்களும் பொருளும் அவரிடம் இல்லை. ஆகவே வேறொரு வழி கண்டார். கீழே இரு இடங்களில் நின்று கோணம் அளந்து மலையின் உயரத்தை 652 முழம் எனக் கண்டார். பின்னர் உச்சியில் ஏறி, தொடுவானம் கிடைமட்டத்திற்கு எவ்வளவு கீழே தாழ்ந்து தெரிகிறது என்று நோக்கினார். 34 கலை இருந்தது. அறுபது கலை சேர்ந்தது ஒரு பாகையாகலின், இது அரைப் பாகைக்குச் சற்று மிகுதி. இவ்விரு எண்களை மட்டும் கொண்டு, முக்கோணக் கணிதத்தால் பூமியின் ஆரத்தையே கணக்கிட்டுவிட்டார். அது மஃமூனின் அளவை ஒட்டியே வந்தது.

இங்கே பீரூனியின் பண்பைக் கவனிக்க வேண்டும். தம் முறை புதியது, எளியது என்று அவர் செருக்கடையவில்லை. மஃமூனின் அறிஞர்கள் நுண்ணிய கருவிகளைக் கொண்டு மிகுந்த உழைப்பில் அளந்தனர் என்று கூறி, அவர்கள் அளவுக்கே முதலிடம் தந்தார். காற்று மண்டலத்தில் ஒளி வளைவதால் தொடுவானத்தை அளப்பதில் பிழை நேரக்கூடும் என்பது இன்று நாம் அறிந்த செய்தி. தன் கணக்கைப் பிறர் கணக்கோடு வைத்துப் பார்த்து அடக்கம் காட்டிய பீரூனி, அப்பிழைக்கும் இடம் விட்டவராகவே நமக்குத் தோன்றுகிறார்.

அவர் இந்தியாவைப் பற்றி எழுதிய பெருநூலில், கி.பி. 628இல் நூல் செய்த பிரம்மகுப்தரைப் பாராட்டவும் செய்கிறார், கடிந்தும் கொள்கிறார். கிரகணத்தின் உண்மைக் காரணத்தை நன்கறிந்திருந்தும், ராகு விழுங்குவதாகச் சொல்லும் மரபுக்கு அவர் வளைந்து கொடுத்தது ஏன் என்று வினவுகிறார். ஊரோடு ஒத்துப் போகவோ அல்லது அச்சத்தாலோ அவ்வாறு எழுதினார் போலும் என்று ஐயுறுகிறார். அறிந்ததைச் சொல்ல அஞ்சும் நிலை எந்தச் சமுதாயத்துக்கும் வரலாம். பீரூனியின் அந்த ஐயம் நமக்கும் ஓர் எச்சரிக்கையே.

மார்க்க அறிஞர்கள் என்ன சொன்னார்கள்?

இவையெல்லாம் வானநூலார் கூற்று. மார்க்க அறிஞர்களோ தட்டையென்றே கருதினர் என்று எவரேனும் சொல்லலாம். மஹல்லீ (ரஹ்) அவர்களின் குறிப்பும் அவ்வாறே காட்டுகிறது. ஆனால் மார்க்க அறிஞர்களின் நூல்களையே புரட்டிப் பார்ப்போமாயின் காட்சி வேறாகிறது.

கி.பி. 994 முதல் 1064 வரை வாழ்ந்த ஸ்பெயின் நாட்டு இப்னு ஹஸ்ம் (ரஹ்), மூலச் சொற்களின் வெளிப்படைப் பொருளையே பற்றி நிற்கும் ளாஹிரீ மரபின் தலைசிறந்த இமாம். பொருளைத் திரித்து விளக்குவதை அவர்போல் வெறுத்தவர் எவருமிலர். அத்தகையவரே, இமாம் என்னும் பெயருக்குத் தகுதியுடைய எவரும் பூமி உருண்டை என்பதை மறுத்ததில்லை என்று எழுதினார். அவர் வைத்த வாதம் தொழுகையிலிருந்தே பிறந்தது. சூரியன் உச்சி சாய்ந்ததும் ளுஹர் நேரம் தொடங்குகிறது. பூமி தட்டையாயின் கிழக்குக் கோடியில் இருப்பவனுக்கும் மேற்குக் கோடியில் இருப்பவனுக்கும் அந்நேரம் எங்ஙனம் பொருந்தும்? ஒருவன் காலையிலேயே ளுஹர் தொழ நேரும். மற்றொருவன் மாலையில் தொழ நேரும். அவர் வாதத்தை நாம் நம் ஊருக்குப் பொருத்திப் பார்க்கலாம். சென்னையில் சூரியன் உச்சிக்கு வந்து ஏறத்தாழ 2 மணி 42 நிமிடம் கழித்தே மக்காவில் உச்சிக்கு வருகிறது. அங்கும் நிழல் குறுகுகிறது. இங்கும் நிழல் குறுகுகிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்னும் கணக்கு எங்கும் பிசகுவதில்லை.

அவருக்கு முன்பே, ஹிஜ்ரீ நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அபுல் ஹுஸைன் இப்னுல் முனாதீ என்னும் ஹன்பலீ அறிஞர், பூமி உருண்டை என்பதில் அறிஞர்கள் ஒன்றுபட்டுள்ளனர் என்று கூறியிருந்தார். அதனை எடுத்து உரைத்து வழிமொழிந்தவர் யார் தெரியுமா? தத்துவவாதிகளோடு வாழ்நாள் முழுவதும் போரிட்ட இப்னு தைமிய்யா (ரஹ்). 1328இல் மறைந்த அன்னார், கிரேக்கச் சரக்கு என்பதற்காகவே ஒன்றை ஏற்பவரல்லர். சான்று இருந்தமையால் ஏற்றார்.

திருமறை விரிவுரையாளருள் பேரறிஞரான இமாம் ஃபக்ருத்தீன் ராஸி (ரஹ்), பூமி விரிக்கப்பட்டது என்பதற்கும் அது உருண்டை என்பதற்கும் முரணில்லை என்று காட்டினார். ஒரு பந்து மிகமிகப் பெரிதாயின் அதன் ஒவ்வொரு துண்டும் அதன் மேல் நிற்பவனுக்குத் தட்டையாகவே தோன்றும் என்பது அவர் விளக்கம். ‘அல்காஷியா’ அத்தியாயத்தின் அவ்வசனங்கள் ஒட்டகத்தையும் வானத்தையும் மலைகளையும் பூமியையும் நோக்குமாறு மனிதனை அழைக்கின்றன. பாலையில் பயணம் செய்யும் ஒருவனின் கண்முன் விரிவதைக் காட்டி அவன் உள்ளத்தைத் தட்டுகின்றன. அவ்விடத்தில் க்ஷேத்திர கணிதம் தேடுதல் பொருந்துமா?

மாற்றுக் கருத்தினரும் இருந்தனர் என்பதை மறைக்கலாகாது. 1273இல் மறைந்த இமாம் குர்துபீ (ரஹ்), 13ஆம் அத்தியாயத்தின் மூன்றாம் வசனம் பூமி பந்து போன்றது என்போருக்கு மறுப்பு என்று எழுதினார். சட்டக் கலையிலும் விரிவுரைக் கலையிலும் அவர் மலைபோன்றவர். இவ்வொரு செய்தியில் அவர் கூற்று நிலைக்கவில்லை. அதனால் மலை சிறுத்துப் போய்விடாது; மலை என்பதற்காக அக்கூற்றைச் சரியென்று சாதிக்கவும் தேவையில்லை.

கஸ்ஸாலி வகுத்த எல்லை

இவ்வழக்கின் சாவியை நம் கையில் தந்தவர் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). கி.பி. 1095இல் தத்துவவாதிகளை மறுத்து அன்னார் எழுதிய ‘தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா’வின் முன்னுரை ஈண்டு நினைவு கூரத்தக்கது. எதிரிகளை வீழ்த்த வாளெடுத்தவர், எங்கே வாளை வீசக் கூடாது என்பதை முதலிலேயே வரையறுக்கிறார். பூமி ஒரு பந்து. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையில் அது வரும்போது சந்திர கிரகணம் நிகழ்கிறது. இவை கணிதத்தால் நிறுவப்பட்டவை. மார்க்கத்தைக் காப்பதாக எண்ணி இவற்றை மறுப்பவன் மார்க்கத்துக்கே தீங்கிழைக்கிறான். ஏனெனில் கணக்கை அறிந்தவன் கணக்கில் ஐயம் கொள்ள மாட்டான். மார்க்கத்தின் மீதே ஐயம் கொள்வான். வெளியிலிருந்து தாக்குபவனைக் காட்டிலும், தவறான வழியில் உதவ வருபவனால் விளையும் கேடு பெரிது என்பது அன்னார் கருத்து.

கஸ்ஸாலி (ரஹ்) அங்கே ஒரு நபிமொழியையும் ஆராய்கிறார். ஹிஜ்ரீ பத்தாம் ஆண்டு அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அருமைக் குழந்தை இப்ராஹீம் மறைந்த நாளன்று சூரிய கிரகணம் பிடித்தது. அக்குழந்தையின் மறைவால்தான் சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக் கொண்டனர். துயரத்தின் உச்சியில் இருந்த ஒரு தந்தைக்கு அப்பேச்சு ஆறுதலாக இருந்திருக்கும். ஒரு சமயத் தலைவருக்குப் புகழாகவும் இருந்திருக்கும். பெருமானார் அதனை ஏற்கவில்லை. எவருடைய மரணத்திற்காகவும் வாழ்விற்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அறிவித்து, மக்களைத் தொழுகைக்கு அழைத்தார்கள். தமக்குப் பெருமை சேர்க்கும் பொய்யாயினும் வேண்டாம் என்று விலக்கிய அந்தச் செயலில் நமக்கொரு பெரும் பாடம் உள்ளது.

கிப்லாவும் வளைந்த பூமியும்

முஸ்லிம்களுக்கு இவ்வழக்கு வெறும் ஏட்டு வாதமன்று. நாள்தோறும் ஐவேளை மக்காவை நோக்கி நிற்க வேண்டிய சமுதாயத்துக்குப் பூமியின் வடிவம் வழிபாட்டோடு ஒட்டிய செய்தி. நகரங்களின் இருப்பிடங்களை வரையறுக்கப் பீரூனி எழுதி 1025இல் முடித்த நூலின் நோக்கங்களுள் ஒன்று, கஸ்னாவின் கிப்லாவைக் கணக்கிடுவதே. டமாஸ்கஸ் உமய்யாப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் அலுவலராக இருந்த இப்னுஷ் ஷாத்திர், 14ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த வானநூலார். உருண்டை மீது வரையும் முக்கோணங்களின் கணிதம் முஸ்லிம்களிடையே வளர்ந்ததற்கு இத்தேவையும் ஒரு காரணம்.

நம் ஊர்களில் பள்ளிவாசலைப் புதுப்பிக்கும் போது கிப்லாத் திசை பற்றிக் கருத்து வேற்றுமை எழுவதை நாம் காண்கின்றோம். தட்டையான வரைபடத்தில் சென்னைக்கும் மக்காவுக்கும் நேர்கோடு இழுத்தால், அது நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 12 பாகை வடக்கே சாய்கிறது. உருண்டையின் மேல் கணக்கிட்டாலோ ஏறத்தாழ 18 பாகை வருகிறது. எது சரி?

சோதித்துப் பார்க்கக் கணிதம் தெரிய வேண்டியதில்லை. ஆண்டுக்கு இருமுறை, மே 28ஆம் நாளை ஒட்டியும் ஜூலை 16ஆம் நாளை ஒட்டியும், மக்காவில் சூரியன் கஅபாவின் நேர் உச்சியில் நிற்கிறது. இந்திய நேரப்படி மே மாதத்தில் பிற்பகல் 2 மணி 48 நிமிடம். ஜூலையில் 2 மணி 57 நிமிடம். அக்கணத்தில் சமதளத்தில் செங்குத்தாக ஒரு கோல் நட்டு, நிழலின் நுனியிலிருந்து கோலின் அடியை நோக்கினால் அதுவே கிப்லா. இம்முறையை 13ஆம் நூற்றாண்டிலேயே நஸீருத்தீன் தூஸீ எழுதி வைத்துள்ளார். அந்நிழல் 18 பாகைக்கே சான்று கூறும். பழைய பள்ளிகளில் தொழுத முன்னோரின் தொழுகை வீணாயிற்றோ என எவரும் கலங்க வேண்டியதில்லை. தெரிந்த அளவில் முயன்று திசையை நோக்கியவரின் தொழுகையை நம் சட்ட அறிஞர்கள் வீணென்று சொல்லவில்லை.

கடலோடிகளும் இதனை அறிந்திருந்தனர். காயல்பட்டினத்தில் துருவ மீன் தொடுவானுக்கு ஏறத்தாழ எட்டரைப் பாகை மேலே நிற்கும். மக்காவில் அது இருபத்தொன்றரைப் பாகை உயர்ந்திருக்கும். கயிற்றில் கோத்த சிறு பலகையைக் கண்முன் பிடித்து அம்மீனின் உயரம் கண்டு கலம் செலுத்தினர். அரபு மாலுமிகள் அதனைக் ‘கமால்’ என்றனர். தமிழ் மாலுமிகள் ‘இராப்பலகை’ என்றனர். துருவ மீன் ஏறுவதையும் இறங்குவதையும் கண்டே துறைமுகம் சேர்ந்தவர்களிடம் உலகம் தட்டையென்று வாதிட்டு எவர் வெல்ல முடியும்?

சான்று மட்டும் போதாது

சான்றைக் காட்டிவிட்டால் வழக்குத் தீர்ந்துவிடும் என்று நினைத்தலும் பேதைமை. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ரயிலும் தந்தியும் வந்த பிறகு, ரோபாதம் என்பவர் உலகம் தட்டையென்று நூலெழுதி ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றினார். அவர் வழிவந்த ஹாம்ப்டன் என்பவர், பூமியின் வளைவை எவரேனும் காட்டினால் 500 பவுன் தருவதாகப் பந்தயம் கட்டினார். புகழ்பெற்ற இயற்கை நூலறிஞர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் 1870இல் அதனை ஏற்றார். ஆறு மைல் நேராக ஓடும் ஒரு கால்வாயில், நீர்மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் மூன்று இடங்களில் அடையாளங்களை வைத்துத் தொலைநோக்கியால் காட்டினார். நடு அடையாளம் மேலெழுந்து தெரிந்தது. நடுவர் வாலஸுக்கே வெற்றி என்றார். ஹாம்ப்டன் ஒப்பவில்லை. பல்லாண்டுகள் வசைக் கடிதங்கள் எழுதி வாலஸைத் துன்புறுத்தினார்; அதற்காகச் சிறையும் சென்றார். வெல்வதற்கென்றே வாதிடுவோர் சான்றால் திருந்துவதில்லை. 1956இல் அதே நாட்டில் தட்டை உலகத்தாருக்கென்று ஒரு சங்கமே தோன்றிற்று.

நம் பக்கத்துத் தவறு

இறுதியாக, நம்மவரிடையே காணப்படும் மற்றொரு போக்கையும் சொல்லியாக வேண்டும். 79ஆம் அத்தியாயத்தின் 30ஆம் வசனத்தில் பூமியைக் குறித்து வரும் ‘தஹாஹா’ என்னும் சொல்லுக்கு ‘நெருப்புக் கோழியின் முட்டை’ என்று பொருள் கூறி, பூமியின் வடிவத்தைத் திருமறை அன்றே அறிவித்துவிட்டது என்று சிலர் முழங்குகின்றனர். அரபுச் சொற்களஞ்சியங்களில் அச்சொல்லின் வேர்ப்பொருள் பரப்புதல், விரித்தல் என்பதே. நெருப்புக் கோழி முட்டையிடுவதற்காகக் காலால் பரப்பிச் சமன் செய்யும் இடத்துக்கு அவ்வேரிலிருந்து ஒரு பெயர் உண்டு. அது இடத்தின் பெயர், முட்டையின் பெயரன்று.

இன்னுமொன்று. பூமி நிறைவான உருண்டையும் அன்று. நியூட்டன் கணித்தவாறு அது துருவங்களில் சற்றே அமுங்கியது. 1736இல் வடதுருவத்தை அடுத்த லாப்லாந்துக்குச் சென்ற பிரெஞ்சு அறிஞர்கள் அளந்து அதனை உறுதி செய்தனர். 1802இல் லாம்ப்டன் என்னும் ஆங்கிலேயர் நம் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் நில அளவையின் நோக்கங்களுள் ஒன்றும் பூமியின் வளைவை அறிவதே. நடுக்கோட்டில் பூமியின் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. முட்டையோ முனைகளில் நீண்டது. பூமியோ முனைகளில் அமுங்கியது. உவமையும் பொருந்தவில்லை, சொற்பொருளும் பொருந்தவில்லை. பின் எதற்காக இந்த வலிந்த பொருள்? திருமறையின் மாண்பு இத்தகைய முட்டுக்கொடுப்பில் நிற்கவில்லை. நேற்று ‘தட்டை’ என்று வசனத்தை வளைத்ததும், இன்று ‘முட்டை’ என்று வளைப்பதும் ஒரே செயலின் இரு முகங்களே. மகனை இழந்த நேரத்திலும் பொய்ப் பெருமையை மறுத்த நபியின் சமுதாயத்துக்கு இது தகுமா?

இப்போது மஹல்லீ (ரஹ்) அவர்களின் குறிப்புக்கு மீள்வோம். தட்டை என்பதே தம் கருத்து என எழுதிய அந்தப் பெருமகனார், முடிவில் ஒரு சிறு தொடரைச் சேர்த்துள்ளார். உருண்டை என்று கொள்வதாயினும் அது மார்க்கத்தின் எந்தத் தூணையும் தகர்ப்பதன்று என்பதே அது. வாதத்தில் அவர் கருத்து நிலைபெறவில்லை. ஆனால் அவ்வொரு தொடரால், தம்மோடு மாறுபட்டவரை மார்க்கத்தை விட்டு வெளியே தள்ளாமல் காத்தார். தமக்குப் பின் வரும் மாணவனுக்கும் கதவைத் திறந்து வைத்துச் சென்றார்.

ஆகவே அந்த அரியைக் கண்டு திகைக்கும் மாணவனிடம் வரியை முழுமையாக ஓதுமாறு சொல்வோம். சிஞ்சாரில் கயிறு பிடித்தவர்களையும், நந்தனா மலை மீது ஏறியவரையும், வாள் வீசக் கூடாத இடத்தைக் குறித்த கஸ்ஸாலியையும் அவனுக்கு அறிமுகம் செய்வோம். அவன் கேள்வி கேட்கட்டும். கோல் நட்டு நிழலை அளக்கட்டும். அளந்து அறிந்த பின்னரும் அவன் அதே கிப்லாவை நோக்கியே நிற்பான்.